ஆய்வுகூடச் சான்றோடு விற்கப்படும் கூட்டு மஞ்சட் குளிசை: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக உள்ள மருந்தகம் ஒன்றின் கண்ணாடி அலுமாரியில் ஒரு கூட்டுக் குளிசை முன்தட்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவர்செட்டின், கச்சானின் ரெஸ்வெரட்ரோல், மிளகின் பைப்பரின் ஆகிய நான்கு இயற்கைச் சேர்வைகள் அதில் அடங்கியுள்ளன என்றும், அக்கலவை பெருங்குடற் புற்றுநோய்க் கலங்களுக்கு எதிராக ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டது என்றும் பெட்டியின் முகப்பு கூறுகிறது. உற்பத்தியாளரின் பெயரையும் கடையின் பெயரையும் நான் இங்கே தரவில்லை. இதே சேர்வைகளை வெவ்வேறு அளவில் கலந்து, ஏறத்தாழ இதே வாசகங்களோடு விற்கப்படும் பொருள்கள் பல இருப்பதால், இங்கே சொல்பவை அவற்றில் எதை வாங்க நினைப்பவருக்கும் பயன்படும்.

முதலில் பொருளைப் பற்றி. ஒரு போத்தலில் 60 குளிசைகள் உள்ளன. காலையும் மாலையும் உணவுக்குப் பின் ஒவ்வொன்று எடுக்கும்படி சொல்லப்பட்டிருப்பதால் ஒரு மாதத்துக்குப் போதும். மூடியின் முத்திரை ஒழுங்காக இருந்தது, காலாவதித் திகதி தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது, குளிசையைத் திறந்து பார்த்தபோது செம்மஞ்சள் நிறத் தூள் கட்டிபடாமல் உலர்ந்திருந்தது. விலை, கூலி வேலைக்குப் போகும் ஒருவரின் மூன்று நாள் உழைப்பை முழுதாக எடுத்துக்கொள்ளும். குறையென்று சொல்லத்தக்கது, போத்தல் ஒளி ஊடுருவும் நிறமற்ற பிளாஸ்ரிக்கால் ஆனது என்பதுதான். குர்குமின் ஒளி பட்டால் சிதையும் சேர்வை. வன்னியின் கோடையில், வெயில் நேரே விழும் கடை முகப்பில் மாதக்கணக்கில் அந்தப் போத்தல் நிற்குமானால், ஒவ்வொரு குளிசையிலும் பெட்டியில் எழுதியபடி 300 மில்லிகிராம் குர்குமின் எஞ்சியிருக்குமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரம், மஞ்சள், வெங்காயம், கச்சான், மிளகு ஆகிய நான்கும் நம் சமையலறையில் உள்ளவை என்று தொடங்குகிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் கச்சான் பயிரிடுபவருக்கு இது உவப்பான செய்தியாக இருக்கும். அதில் ரெஸ்வெரட்ரோல் இருப்பதும் உண்மைதான். ஆனால் அது மிகச் சிறிய அளவு. மஞ்சள் தூளிலுங்கூடக் குர்குமினின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதந்தான். எனவே குளிசையில் உள்ளது சமையலறைப் பொருள் என்று சொல்வது பொருந்தாது. அது பிரித்தெடுத்துச் செறிவாக்கப்பட்ட இரசாயனச் சேர்வை, அதை ஒரு மருந்தைப் பார்ப்பதுபோலவே பார்க்க வேண்டும்.

கடையில் கேட்டபோது முழு ஆய்வறிக்கையின் பிரதியைத் தந்தார்கள். இதை மனமாரப் பாராட்டுகிறேன். பெரும்பாலான இடங்களில் துண்டுப்பிரசுரத்துக்கு அப்பால் எதுவும் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பித்தவன் என்பதால் அதை வரி வரியாகப் படிக்க முடிந்தது. இந்தப் பொருளின் தரத்தைத் தீர்மானிப்பது உள்ளே உள்ள தூளைவிட இந்த அறிக்கையே என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பரிசோதனை எச்.சி.ரி.-116 என்ற கலவழியில் செய்யப்பட்டிருக்கிறது. கலவழி என்பது ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்படும் கலங்களின் தொடர். உலகெங்கும் பெருங்குடற் புற்றுநோய் ஆய்வில் பயன்படும் எச்.ரி.-29 என்ற இன்னொரு கலவழி, 44 வயதுடைய பெண்ணொருவரின் கட்டியிலிருந்து 1964இல் பெறப்பட்டது. இன்றும் அதே வழியில் வந்த கலங்களே தட்டுகளில் வளர்கின்றன. இவ்விரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. சேதமுற்ற கலத்தைத் தானாகவே மடியத் தூண்டும் பி-53 என்ற புரதம் எச்.சி.ரி.-116இல் இயல்பு நிலையில் இருக்கிறது; எச்.ரி.-29இல் அது மாற்றமடைந்து தன் வேலையை இழந்திருக்கிறது. பெருங்குடற் புற்றுநோயாளர் பலரின் கட்டிகளிலும் அந்தப் புரதம் பழுதடைந்தே காணப்படுகிறது. ஆகவே ஒரே கலவழியில், அதிலும் இயல்பான பி-53 உள்ள கலவழியில் மட்டும் கிடைத்த பெறுபேற்றைக் கொண்டு, "பெருங்குடற் புற்றுநோய்க் கலங்களுக்கு எதிரானது" என்று பொதுப்படையாக எழுதுவது அறிக்கை தாங்கக்கூடியதை விடப் பெரிய சுமை.

முறை எம்.ரி.ரி. பரிசோதனை. 96 குழிகள் கொண்ட தட்டில் கலங்களை இட்டு, சேர்வைகளைச் சேர்த்து, குறித்த நேரம் கழிந்தபின் மஞ்சள் நிறமான ஒரு சாயத்தை ஊற்றுவார்கள். உயிருள்ள கலங்களின் நொதியங்கள் அதை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றும். அவற்றைக் கரைத்து நிறத்தின் செறிவை அளந்தால் எத்தனை பங்கு கலங்கள் உயிரோடு உள்ளன என்று மதிப்பிடலாம். 1983இல் வெளியான இம்முறை மலிவானது, விரைவானது, நம்பகமானது. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் செய்யத்தக்கது. ஆயினும் குர்குமின், குவர்செட்டின் போன்ற பொலிபீனோல் வகைத் தாவரச் சேர்வைகள், கலமே இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தை நேரடியாக ஊதாவாக்க வல்லவை. குர்குமினின் சொந்த மஞ்சள் நிறமும் அளவீட்டில் கலக்கும். அதனால் கலமற்ற குழிகளில் சேர்வையை மட்டும் இட்டு அளந்து கழிப்பது இத்தகைய பரிசோதனையில் கட்டாயம். அறிக்கையில் அந்தக் குழிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தத் தவறு பெரும்பாலும் கொல்லும் ஆற்றலைக் குறைத்தே காட்டும் என்பதால், உற்பத்தியாளர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. கவனம் போதவில்லை என்பதே என் குறை.

கரைப்பான் பற்றி ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். குர்குமின் நீரில் கரையாதது என்பதால் அதை டைமெதில் சல்பொக்சைட்டில் கரைத்திருக்கிறார்கள். அந்தக் கரைப்பான் மட்டும் இட்ட குழிகளையும் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் 72 மணித்தியாலம் அடைகாக்கப்பட்டதாகச் சொல்லும்போது, அத்தனை நேரமும் குர்குமின் குர்குமினாகவே இருந்ததா என்ற கேள்விக்கு விடை இல்லை. சீரம் எனும் குருதித் தெளிநீர் சேர்க்காத நடுநிலைக் கரைசலில் அதன் பெரும்பகுதி அரை மணித்தியாலத்திலேயே சிதைந்துவிடுவது 1997ஆம் ஆண்டு ஆய்விலிருந்தே தெரிந்தது. சீரம் சேர்த்த ஊடகத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கலங்களைக் கொன்றது எது, குர்குமினா அதன் சிதைவுப் பொருளா என்பதை இந்தப் பரிசோதனை பிரித்துக் காட்டவில்லை.

பொருளின் உயிர்நாடி கூட்டு என்பதில்தான் இருக்கிறது. நான்கும் சேர்ந்தால் தனித்தனியே செய்வதைவிடக் கூடுதலாகச் செய்யும் என்பதே அதை வாங்கச் சொல்லும் காரணம். அதைக் காட்டுவதற்கென்றே ஒரு கணக்குமுறை உண்டு. சௌவும் தலாலேயும் 1984இல் வெளியிட்ட சேர்க்கைச் சுட்டி அது: ஒன்றுக்குக் கீழே வந்தால் சேர்வைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, ஒன்றாக இருந்தால் வெறுமனே கூடுகின்றன, ஒன்றுக்கு மேலே போனால் ஒன்றையொன்று தடுக்கின்றன. இதைக் கணிக்க ஒவ்வொரு சேர்வையையும் தனியே பல செறிவுகளில் சோதித்த பெறுபேறு வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்தால் எளிதில் ஏமாந்துபோவோம். ஒரு சேர்வை தனியே 100 கலங்களில் 30ஐயும் இன்னொன்று 40ஐயும் கொல்லுமானால், அவை ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாமல் தத்தம் வழியில் இயங்கினாலே 58 கலங்கள் மடியும். முதலாவது விட்டுவைத்த 70இல் இரண்டாவது 28ஐக் கொல்வதுதான் அது. 58ஐப் பார்த்து "இரண்டும் கைகோத்துவிட்டன" என்று வியப்பதற்கு இடமில்லை.

அறிக்கையின் வரைபடத்தில் இரண்டு தூண்களே உள்ளன. ஒன்று சேர்வை எதுவும் இடாத கலங்கள், மற்றையது நான்கும் சேர்த்து இட்ட கலங்கள். குர்குமின் மட்டும் என்ன செய்தது, குவர்செட்டின் மட்டும் என்ன செய்தது என்பவை இல்லை. ஆகவே நான்கில் மூன்று வெறுமனே உடனிருந்தனவா, குர்குமின் ஒன்றே எல்லா வேலையையும் செய்ததா, அல்லது ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்ததா என்பதை அந்தப் படத்திலிருந்து எவராலும் சொல்ல முடியாது. சேர்க்கையின் பேரில் விற்கப்படும் பொருளின் அறிக்கையில் சேர்க்கை சோதிக்கப்படவேயில்லை என்பது என்னை உண்மையாகவே வருத்தியது. தட்டில் காலியாக இருந்திருக்கக்கூடிய குழிகளிலேயே அதைச் செய்திருக்கலாம். கூடுதற் செலவும் பெரிதன்று. இயல்பான பெருங்குடற் கலங்களில் இந்தக் கலவை என்ன செய்கிறது என்பதும், வைத்தியசாலையில் கொடுக்கப்படும் புற்றுநோய் மருந்தான 5-புளோரோயுராசிலோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பதும் அவ்வாறே விடுபட்டிருக்கின்றன. புற்றுக் கலத்தையும் நல்ல கலத்தையும் ஒரே அளவில் கொல்லும் பொருளை மருந்து என்று எவரும் சொல்வதில்லை.

அடுத்தது செறிவு. தட்டில் குர்குமின் 25 மைக்ரோமோலார் என்ற செறிவில் இடப்பட்டிருக்கிறது. குர்குமினின் மூலர்த் திணிவு 368 என்பதால் இது ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம். வளர்ந்த ஒருவரின் உடலில் 5 லீற்றர் வரையில் குருதி இருக்கிறது. அப்படியானால் 45 மில்லிகிராம் போதுமே, குளிசையில் 300 இருக்கிறதே என்று எண்ணத் தோன்றும். இந்த இடத்தில்தான் படித்தவரும் தடுக்கி விழுகிறார்கள். விழுங்கிய குர்குமினின் மிகப் பெரும் பகுதி உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்படும் சிறு பகுதியையும் குடற்சுவரும் ஈரலும் உடனடியாகக் குளுக்குரோனைட்டு, சல்பேற்று எனும் எளிதில் வெளியேறும் வடிவங்களாக மாற்றிவிடுகின்றன. 2001இல் வெளியான ஆய்வொன்றில் நாளுக்கு 8 கிராம், அதாவது 8000 மில்லிகிராம், எடுத்தவர்களின் சீரத்தில் உச்சச் செறிவு சராசரியாக 1.77 மைக்ரோமோலாரே இருந்தது. இந்தக் குளிசையின் ஒரு நாள் அளவு 600 மில்லிகிராம்.

இதற்கு விடையாகவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கப்பட்டுள்ளது என்று துண்டுப்பிரசுரம் சொல்கிறது. "2000 சதவீதம்" என்ற எண்ணையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த எண் மெய்யானது. 1998இல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது குருதியைச் சேரும் குர்குமினின் அளவில் அத்தகைய உயர்வு மனிதரில் காணப்பட்டது. ஆனால் குர்குமினைத் தனியே எடுத்தபோது குருதியில் இருந்தது அளவிடவே கடினமான சொற்பம். அது பெருகியபின் எட்டிய உச்சமும் ஏறத்தாழ அரை மைக்ரோமோலாரே. தட்டில் இட்ட செறிவுக்கு அது ஐம்பதில் ஒரு பங்கு.

ஆய்வாளர்கள் குர்குமினுக்குப் பெருங்குடலைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உறிஞ்சப்படாத குர்குமின் குடல் வழியே கீழிறங்குவதால், குருதியின் துணையின்றியே பெருங்குடலின் உட்சுவரை அது தொடுகிறது. நாளுக்கு 3.6 கிராம் எடுத்த நோயாளிகளின் பெருங்குடல் இழையத்தில் குர்குமின் அளவிடத்தக்க அளவில் இருந்ததை 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் இந்தக் குளிசையின் அமைப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது: சிறுகுடலில் அதிகமாக உறிஞ்சச் செய்வதற்காகப் பைப்பரினைச் சேர்த்தால், பெருங்குடலுக்கு நேரே போய்ச் சேருவது குறையத்தானே வேண்டும்? எந்த வழியால் மருந்து கட்டியை அடைய வேண்டும் என்று உற்பத்தியாளர் தீர்மானித்ததற்கான அடையாளம் அறிக்கையில் இல்லை.

மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வுகளைத் துண்டுப்பிரசுரம் அரைகுறையாகத் தொடுகிறது. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் தோன்றும் நோயுள்ள 5 பேருக்கு, 480 மில்லிகிராம் குர்குமினும் 20 மில்லிகிராம் குவர்செட்டினும் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தபோது, ஆறு மாதத்தில் கட்டிகளின் எண்ணிக்கை 60 சதவீதமும் பருமன் 51 சதவீதமும் குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வை அது எடுத்துக்காட்டுகிறது. அதே ஆய்வாளரே தலைமை தாங்கி, இம்முறை 44 பேரைக் கொண்டு, மருந்தில்லாத போலிக் குளிசையோடு ஒப்பிட்டு, நாளுக்கு 3 கிராம் குர்குமினை ஓராண்டு கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது; கட்டிகளின் எண்ணிக்கையிலும் பருமனிலும் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அந்த இரண்டாம் ஆய்வில் குவர்செட்டின் சேர்க்கப்படவில்லை என்று வாதிடலாம்; அது நியாயமான வாதமுங்கூட. ஆயினும் முதல் ஆய்வைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

இயற்கைச் சேர்வைகளில் இருந்து மருந்து வராது என்று நான் எண்ணுவதாக எவரும் கொள்ள வேண்டாம். பெருங்குடற் புற்றுநோய்க்கு இன்று வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் இரினோரிக்கான், சீன மரமொன்றின் சேர்வையிலிருந்து உருவானது. அந்தச் சேர்வை 1966இல் இனங்காணப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது நச்சுத்தன்மை தாங்க முடியாததாக இருந்ததால் நிறுத்தினார்கள். மூலக்கூற்றை மாற்றியமைத்து, மீண்டும் சோதித்து, 1996இல்தான் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இடையில் 30 ஆண்டுகள். நம் நாட்டிலும் கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிக்கிழங்கு வகை ஒன்று ஆகிய மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய பாரம்பரியக் குடிநீரை ஈரற் புற்றுக் கலங்களிலும் எலிகளிலும் படிப்படியாகச் சோதித்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கூட்டு மூலிகையை ஆராய்வதற்கு அவர்கள் சென்ற வழி பொறுமையான வழி. நான் மதிப்பிடும் குளிசை முதற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, கடைசிப்படியில் கடை விரித்திருக்கிறது.

தீங்கு ஏற்படக்கூடிய இடங்களைத் துண்டுப்பிரசுரம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: "இயற்கையானது, பக்கவிளைவற்றது". மஞ்சட் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விபரம் 2022இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் ஒருவர் இறந்தார், சிலர் எடுத்த குளிசைகளில் பைப்பரினும் இருந்தது. பைப்பரின் செய்யும் வேலையே ஈரலின் வெளியேற்றும் தொழிலைத் தாமதப்படுத்துவதுதான். இரினோரிக்கானின் வீரியமுள்ள வடிவம் உடலைவிட்டு நீங்குவதற்கும் அதே வகையான குளுக்குரோனைட்டு இணைப்புத்தான் வேண்டும். அது தடைப்பட்டால் கடுமையான வயிற்றோட்டமும் வெண்குருதிக்கலக் குறைவும் வரக்கூடும் என்று அஞ்சுவதற்கு இரசாயனக் காரணம் இருக்கிறது. குருதி உறைதலைத் தடுக்கும் வோபரின் எடுப்பவரும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. கடையில் இருந்தவர் வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று என்னிடம் கேட்கவில்லை. ஆய்வறிக்கையைத் தேடி எடுத்துத் தந்த அதே கை, அந்த ஒரு கேள்வியையும் கேட்டிருந்தால் சேவைக்கு முழு மதிப்பெண் தந்திருப்பேன்.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் பெட்டியில் இல்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், மன்னார்க் கடல் வழியே மூட்டை மூட்டையாகக் கடத்தி வரப்பட்டதும் நாம் கண்டவை. தெற்காசியாவில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்று என்ற நச்சு நிறமியைக் கலக்கும் வழக்கம் இருந்ததை 2019இல் பங்களாதேசில் நடந்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது. செறிவாக்கிய குளிசைக்கு ஈயப் பரிசோதனைப் பெறுபேறு ஒன்றை இணைப்பது கலப் பரிசோதனையைவிட எளிது; வாங்குபவருக்கு அதைவிடப் பயனுள்ளதும் கூட.

இந்தக் குளிசையை யார் வாங்குகிறார்கள் என்று கடையில் விசாரித்தேன். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கங்களிலிருந்து வருவோரே அதிகம் என்றார்கள். புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ள தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ போய்ச் சிகிச்சை பெற்று, அடுத்த தவணைவரை வீட்டில் காத்திருக்கும் குடும்பங்கள் அவை. பஸ் காசுக்கே கடன் வாங்கும் வீட்டில், அந்த இடைவெளியில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பே இந்தப் போத்தலை வாங்க வைக்கிறது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். அதனாலேயே இவ்வளவு நீளமாக எழுதினேன். சிகிச்சையில் உள்ள எவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர், வைத்தியர் கோபிப்பார் என்று ஒளிக்காமல், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையே பையில் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமற்ற இரத்தச்சோகை, மெலிவு ஆகியவற்றுக்கு இதை வாங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர், அந்தப் பணத்தில் கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்வரலாம். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

பொதி செய்த விதத்துக்கும், அறிக்கையைத் தந்த நேர்மைக்கும் ஐந்தில் இரண்டு புள்ளி கொடுக்கிறேன். ஒவ்வொரு சேர்வையையும் தனியே சோதித்த பெறுபேறும், நல்ல கலங்களின் பெறுபேறும், ஈய அளவும் கொண்ட புதிய அறிக்கை வந்தால் மீண்டும் படித்து எழுதுவேன். முத்திரை உடைக்காத போத்தலைப் பற்றுச்சீட்டோடு கொண்டுபோனால் அந்தக் கடையில் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுக்கிறார்கள்.